தினமும் கட்டிக்கொள்ள ஒரே ஒரு உயர்தர வாட்ச்: எதை எடுப்பது?

பல வருடம் ஆசைப்பட்டு, பணம் சேர்த்து ஒரு நல்ல வாட்ச் வாங்குகிறார்கள். இரண்டு மாதம் கட்டுகிறார்கள். அப்புறம் அது பெட்டிக்குள் போய்விடுகிறது, கையில் மறுபடியும் பழைய வாட்சே ஏறிவிடுகிறது. ஏன் என்று கேட்டால் கிடைக்கிற பதில் பெரும்பாலும் பயம்தான். கீறல் விழுந்துவிடுமோ, தண்ணீர் இறங்கிவிடுமோ, எங்கேயாவது இடித்துக்கொள்வேனோ, ரிப்பேர் ஆனால் யாரிடம் கொடுப்பது, இதைப் பார்த்து யாராவது பின்னாலேயே வருவார்களோ.

அதனால், தினமும் கட்ட ஒரு வாட்ச் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பிராண்டைப் பற்றிப் பேசுவதில்லை. காலையில் கட்டி இரவு கழற்றும் வரை எதைப் பற்றி நினைக்காமல் இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்றுதான் கேட்பேன். அதற்கு வரும் பதிலை வைத்தே பாதி முடிவு செய்துவிடலாம்.

இங்கே நான் ஒப்பிடப்போவது ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர், ஒமேகா அக்வா டெர்ரா, டியூடரின் ரேஞ்சரும் பிளாக் பே 58உம், அப்புறம் கிராண்ட் சீகோவின் இரண்டு வகைகள். வேறு சிலவற்றைக் கடைசியில் தொட்டுவிட்டுப் போகிறேன். விலையில் இவை ஒரே படியில் இல்லை. டியூடர் கீழே, ரோலெக்ஸ் மேலே, மற்றவை பெரும்பாலும் நடுவில். ஆனால் கடையில் நின்று யோசிப்பவர் மனதில் இவைதான் ஒன்றோடொன்று மோதுகின்றன.

உறுதி என்று எதைச் சொல்கிறோம்

விலை ஏற ஏற வாட்சின் உறுதியும் ஏறும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அது அப்படி நடப்பதில்லை. ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972இல் வந்த ஓடமார் பிகே ராயல் ஓக், மேலே சொன்ன எல்லாவற்றையும்விடப் பல மடங்கு விலை. அதன் நீர் தாங்கும் அளவு 50 மீட்டர்தான். அதன் அழகே கூர்மையாகச் சீவிய விளிம்புகளில் இருக்கிறது. முதலில் அடிபடுவதும் அந்த விளிம்புதான்.

கீறலில் இருந்து தொடங்கலாம். இன்றைய நல்ல வாட்சுகள் பெரும்பாலானவற்றில் சஃபையர் கண்ணாடிதான். விக்கர்ஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை சுமார் 2000. வாட்ச் உடலுக்குப் பயன்படும் ஸ்டீல் 200ஐ ஒட்டித்தான் வரும். புழுதியிலும் மணலிலும் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள் ஸ்டீலைவிடக் கடினம், சஃபையரைவிட மென்மை. அதனால்தான் பத்து வருடம் கட்டிய வாட்சில்கூடக் கண்ணாடி புதிதாகவே இருக்கிறது, செயினின் கொக்கி முதல் வாரத்திலேயே கீறிவிடுகிறது. மேஜைமேல் கையை வைத்து எழுதும்போது அந்த மேஜைத் தூசியே அரம் மாதிரி வேலை செய்கிறது.

ரோலெக்ஸ் பயன்படுத்தும் 904எல் வகை ஸ்டீலில் கீறலே விழாது என்று சிலர் நம்புகிறார்கள். அது அரிப்பை நன்றாகத் தாங்கும். உப்புத் தண்ணீரிலும் வியர்வையிலும் துரு ஏறாது. கீறல் என்று வந்தால் சாதாரண 316எல் ஸ்டீலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கீறல் பயம் இருப்பவர் பார்க்க வேண்டியது ஸ்டீலின் எண்ணை அல்ல, மேற்பரப்பை எப்படி முடித்திருக்கிறார்கள் என்பதை. கண்ணாடி போல மின்னும் பரப்பில் ஒரு சின்னக் கோடு விழுந்தாலும் கண்ணில் குத்தும். நூலிழைக் கோடுகளாகத் தேய்த்து மங்கலாக முடித்த பரப்பில் புதுக் கீறல்கள் பழைய கோடுகளோடு கலந்துவிடும்.

கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பாலிஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. என் பழைய வாட்ச் ஒன்றை ஒருமுறை சர்வீஸுக்குக் கொடுத்தேன். பாலிஷ் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காமல் வந்துவிட்டேன். திரும்பி வந்தபோது கண்ணாடி போலத்தான் இருந்தது. ஆனால் பட்டை கோக்கும் கொம்புகளின் ஓரங்கள் சப்பிய மிட்டாய் மாதிரி உருண்டு போயிருந்தன. கீறலோடு இருந்த வாட்ச் என்னுடையதாக இருந்தது. திரும்பி வந்தது வேறு யாருடையதோ போலத் தெரிந்தது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது "பாலிஷ் வேண்டாம்" என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

டைட்டானியம் எடை குறைவு, ஸ்டீலில் பாதியை விடக் கொஞ்சம்தான் கூட. தோலுக்கும் ஒத்துப்போகும். ஆனால் கடினப்படுத்தாத டைட்டானியத்தில் கீறல் சீக்கிரம் விழும். செராமிக்கில் கீறலே விழாது என்று சொல்லலாம், ஆனால் கல் தரையில் விழுந்தால் உடையும். ஸ்டீல் நசுங்கும், உடையாது. தினமும் கட்ட நான் ஸ்டீலைத்தான் சொல்வேன்.

அடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே ஆடிக்கொண்டிருக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு நுனி ஏறக்குறைய தலைமுடி பருமன்தான். அது உடையாமல் இருக்க, நுனி உட்காரும் கல்லை ஒரு குட்டி ஸ்பிரிங்கில் தாங்கவைக்கும் வழியை 1930களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அதிர்ச்சி தாங்கும் என்று எழுதிய வாட்ச், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கடின மரத்தில் விழுவதற்குச் சமமான அடியைத் தாங்க வேண்டும். இங்கே பேசும் வாட்சுகளில் பேலன்ஸ் சக்கரம் உள்ள எல்லாவற்றிலும் இந்தத் தாங்கல் உண்டு. சுவரைத் துளைக்கும் டிரில் மெஷினைப் பிடிக்கும்போது மட்டும் எதுவாக இருந்தாலும் கழற்றி வையுங்கள்.

தண்ணீர்தான் அதிகம் ஏமாற்றும். டயலில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால் 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. அது புது வாட்சை அசையாமல் வைத்து எடுத்த அழுத்தச் சோதனையின் அளவு. நடைமுறையில் 30 என்றால் கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீர் வரை. 50 என்றால் மழை. 100 என்றால் நீச்சல். அதற்கு மேலே போவதெல்லாம் நிம்மதிக்காக. இந்த அளவுகள் வாட்ச் பிறந்த நாளின் அளவுகள் என்பதையும் மறக்கக் கூடாது. உள்ளே தண்ணீரைத் தடுப்பது மெல்லிய ரப்பர் வளையங்கள். சோப்பு, குளோரின், வெந்நீர் ஆவி, வருடங்கள் எல்லாம் சேர்ந்து அவற்றை விறைக்க வைத்துவிடும். அதனால்தான் வெந்நீர்க் குளியலில் வாட்சோடு நிற்காதீர்கள் என்று சொல்வது. வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை மட்டும் செய்து வாங்கினாலே போதும். வாட்சைத் திறக்க வேண்டியதுகூட இல்லை.

என்னிடம் 200 மீட்டர் போட்ட வாட்ச் ஒன்று இருந்தது. ஒரு நாள் தேதி மாற்றிவிட்டு, ஓரத்தில் சாவி கொடுக்கும் திருகை மறுபடி இறுக்க மறந்துவிட்டேன். அன்றைக்கு மாலை கை கழுவியதோடு சரி. மறுநாள் காலை கண்ணாடிக்குள் பனி படர்ந்திருந்தது. டயலின் கீழ் ஓரத்தில் இன்றைக்கும் ஒரு பழுப்புக் கறை இருக்கிறது. அந்த 200 மீட்டர் என்ற எண் திருகு மூடியிருக்கும்போது மட்டும் உண்மை. அன்றிலிருந்து எனக்குத் தேதி இல்லாத வாட்சுகள் மேல் தனி மரியாதை. தேதி இல்லை என்றால் திருகைத் தொட வேண்டிய நாட்கள் மிகக் குறைவு.

அடுத்தது காந்தம். இருபது வருடத்துக்கு முன்னால் இதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்கவில்லை. இப்போது ஃபோனின் முதுகில் காந்தம், ஃபோன் உறையில் காந்தம், மடிக்கணினியின் ஸ்பீக்கரில் காந்தம், கைப்பை மூடியில் காந்தம். வாட்சின் இதயம் மயிரிழை போன்ற ஒரு சுருள்வில். அது காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானது போல ஆகி, வாட்ச் ஒரு நாளைக்குப் பல நிமிடம்கூட வேகமாக ஓடும். நல்ல வாட்ச் திடீரென்று வேகமாக ஓடினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒரு சின்னக் கருவியில் சில விநாடி வைத்தால் சரியாகிவிடும், பெரிய செலவு எதுவும் இல்லை. சர்வதேசத் தரத்தின்படி காந்தம் தாங்கும் என்று எழுத 60 காஸ் (காந்த வலிமையை அளக்கும் அலகு) தாங்கினால் போதும். இன்றைய காந்தங்களைத் தொட்டபடி வைத்தால் அதைத் தாண்டிவிடும்.

ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர்

மனிதன் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட 1953இல்தான் எக்ஸ்ப்ளோரர் என்ற பெயரும் வந்தது. இடையில் 2010இல் 39 மில்லிமீட்டருக்குப் பெரிதானது, 2021இல் மறுபடி பழைய 36க்கே திரும்பியது. 2023இல் கூடவே ஒரு 40 மில்லிமீட்டர் வடிவமும் சேர்ந்தது. கறுப்பு டயல், 3, 6, 9 என்ற மூன்று எண்கள், தேதி இல்லை.

தினமும் கட்டும் வாட்சாக இதைக் குறை சொல்வது கடினம். 100 மீட்டர் தண்ணீர், திருகி மூடும் சாவி, ஒரு நாளைக்கு இரண்டு விநாடிக்குள் கூடுதல் குறைவு, கழற்றி வைத்தாலும் 70 மணி நேரம் ஓடும் இருப்பு. செயின் முழுக்க மங்கலாக முடித்தது. கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையமும் உடலின் பக்கவாட்டும் மட்டும்தான் மின்னும். கொக்கியில் ஒரு கண்ணியை மடித்துத் திறந்தால் 5 மில்லிமீட்டர் நீளம் கூடும். இதைப் படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும். வெயில் நேரத்தில் மணிக்கட்டு வீங்குவதை உணர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். செயின் இறுகினால் வாட்சைக் கழற்றி எங்கேயோ வைப்போம். வாட்ச் தொலைவதும் கீழே விழுவதும் அப்படித்தான்.

36 சின்னதாக இருக்குமோ என்று தயங்குபவர்கள் கட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கதவு நிலையில் இடிப்பதும் சட்டைக் கையில் மாட்டுவதும் சின்ன வாட்சில் குறைவு. உறுதியின் ஒரு பகுதி அளவிலேயே இருக்கிறது.

இதில் எனக்கு இருக்கும் தயக்கம் வாட்சைப் பற்றியது அல்ல. கடைக்குப் போய் எடுத்து வர முடிவதில்லை. பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள் வெளிச்சந்தையில் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கியபின் அதன் மறுவிலை எவ்வளவு என்று பார்க்கும் பழக்கம் வந்துவிடுகிறது. அப்புறம் ஒவ்வொரு கீறலும் பண நஷ்டமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. மலை ஏறுபவர்களின் பெயரில் வந்த வாட்ச் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். இன்னொன்று, ரோலெக்ஸை எல்லாருக்கும் தெரியும், திருடுபவருக்கும் தெரியும். தெரியாத ஊர்களில் தனியாக அலைபவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒமேகா அக்வா டெர்ரா

காந்தப் பயத்துக்கு முழுப் பதில் இங்கே இருக்கிறது. ஒமேகாவின் மாஸ்டர் குரோனோமீட்டர் சோதனை 2015இல் தொடங்கியது. சோதிப்பது கம்பெனி மட்டுமல்ல, மெட்டாஸ் என்ற ஸ்விட்சர்லாந்து அரசின் அளவியல் நிறுவனத்தின் மேற்பார்வையும் உண்டு. 15,000 காஸ் காந்தத்தில் வைத்தும் வாட்ச் சரியாக ஓட வேண்டும். ஒரு நாளைக்கு பின்தங்கவே கூடாது, 5 விநாடிக்கு மேல் முந்தவும் கூடாது. பழைய காலத்தில் காந்தத்தைத் தடுக்க எந்திரத்தைச் சுற்றி இரும்புக் கூண்டு வைப்பார்கள், வாட்ச் தடிக்கும். இங்கே சுருள்வில்லே சிலிக்கான். மற்ற முக்கியப் பாகங்களும் காந்தம் ஏறாத பொருட்கள். அதனால் கூண்டு தேவையில்லை, பின்பக்கத்தில் கண்ணாடி போட்டு எந்திரத்தையே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நாள் முழுக்கக் கணினியும் ஃபோனுமாக வேலை செய்பவர் இந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

தண்ணீருக்கு 150 மீட்டர். சட்டைக் கைக்குள்ளும் அடங்கும், நீச்சல் குளத்திலும் இறங்கும். டைவிங் வாட்ச் போலத் தோற்றம் இல்லாமல் அந்தத் திறனை மட்டும் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கிறது.

இங்கே பார்க்க வேண்டிய அளவு இரண்டு. 38க்கும் 41க்கும் வித்தியாசம் விட்டத்தில் மட்டும் இல்லை, எந்திரமே வேறு. 38இல் இருக்கும் 8800 எந்திரம் 55 மணி நேரம் ஓடும், தேதியைத் தனியாக வேகமாக மாற்றலாம். 41இல் இருக்கும் 8900, 60 மணி நேரம் ஓடும். நிமிட முள்ளை அசைக்காமல் மணி முள்ளை மட்டும் முன்னும் பின்னும் தள்ளலாம். அடிக்கடி வெளிநாடு பறப்பவர்களுக்கு அது வரம். வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குக் கழற்றி வைத்தால் 38 திங்கள் அதிகாலை 1 மணிக்கு நின்றிருக்கும், 41 காலை 6 மணிக்கு. எக்ஸ்ப்ளோரர் அன்று மாலை வரை ஓடும். வார இறுதியில் வாட்ச் கட்டாதவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். தினமும் கட்டுபவருக்கு இது பொருட்டே இல்லை.

குறை இரண்டு. மின்னும் பரப்புகள் இதில் அதிகம், கீறல் தெரியும். இன்னொன்று கொக்கி. இந்த வரிசையில் நெடுங்காலம் இருந்த இரட்டை மடிப்புக் கொக்கி பார்க்க அழகு, ஆனால் நீளத்தைக் கொஞ்சமாகக் கூட்டிக் குறைக்க அதில் வழி இல்லை. நீங்கள் எடுக்கும் மாடலில் அந்த வசதி இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். இல்லை என்றால் ரப்பர் பட்டையோடு எடுப்பதையும் யோசிக்கலாம்.

டியூடர்: ரேஞ்சரும் பிளாக் பே 58உம்

பிளாக் பே 58 என்றால் 2018இல் வந்தது முதல் எல்லாரும் பேசுவது. 39 மில்லிமீட்டர், தடிமன் 11.9, தண்ணீர் 200 மீட்டர், 70 மணி நேர இருப்பு, சிலிக்கான் சுருள்வில், தேதி இல்லை. டைவிங் வாட்சுகளில் மணிக்கட்டோடு படிந்து உட்காரும் ஒன்று. சுழலும் வளையத்தின் மேல் இருப்பது அலுமினியத் தகடு. செராமிக் போல இல்லை, கீறும், வெயிலில் வருடக்கணக்கில் மங்கவும் செய்யும். அந்த மங்கலை விரும்புபவர்கள் உண்டு, நானும் ஒருவன்.

ஆனால் இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நெருங்கி நிற்பது ரேஞ்சர். 2022இல் வந்தது. அதே 39 மில்லிமீட்டர், அதே எந்திரம், தண்ணீர் 100 மீட்டர். உடலும் செயினும் மங்கலாகவே முடித்தவை. மின்னுவதற்கு என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. சுழலும் வளையம் இல்லை, தேதி இல்லை, உடையவோ சிக்கவோ கூடுதலாக ஒரு பாகமும் இல்லை. டி-ஃபிட் என்ற கொக்கியில் கருவி எதுவும் இல்லாமல் 8 மில்லிமீட்டர் வரை ஐந்து நிலைகளில் நீளத்தை மாற்றலாம். எக்ஸ்ப்ளோரரின் கொக்கியைவிட இதை எனக்குப் பிடிக்கும். அங்கே இரண்டே நிலைகள், இங்கே ஐந்து.

எக்ஸ்ப்ளோரருக்குப் பக்கத்தில் வைத்தால் ரேஞ்சரின் டயல் எளிமையானதுதான். எண்கள் உலோகத்தில் பதித்தவை அல்ல, பூச்சு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கும்போது வரும் அந்தப் பளபளப்பு இதில் வராது. உயர்தர வாட்சில் அதைத் தேடுபவருக்கு இது கொஞ்சம் வெறுமையாகத் தெரியலாம். கையால் வேலை செய்பவர்களுக்கு, தோட்டம், மரவேலை, குழந்தையைத் தூக்கி அலைவது என்று நாள் போகிறவர்களுக்கு, நான் தயங்காமல் சொல்வது இதையே.

கிராண்ட் சீகோ

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு நடுநிலை கொஞ்சம் கஷ்டம். டயலின் வேலைப்பாட்டுக்கு இந்த விலையில் இதற்கு இணை இல்லை என்பது என் கருத்து. முள்ளின் விளிம்பு ஒவ்வொன்றும் கத்தி போல வெட்டப்பட்டு, அரைகுறை வெளிச்சத்தில்கூட மணி தெரியும்.

ஸ்னோஃப்ளேக் என்று எல்லாரும் அழைக்கும் மாடலில் இருப்பது ஸ்பிரிங் டிரைவ் எந்திரம். முறுக்கி வைத்த முதன்மை வில்தான் சக்கரங்களைச் சுழற்றுகிறது, பேட்டரி கிடையாது. ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது டிக் டிக் என்று ஆடும் பேலன்ஸ் சக்கரம் இல்லை. கடைசிச் சக்கரம் சுற்றும்போது வரும் துளி மின்சாரத்தில் ஒரு குவார்ட்ஸ் மின்சுற்று இயங்கி, மின்காந்தத்தால் அந்தச் சக்கரத்துக்கு மெதுவாகத் தடை போடுகிறது. விநாடி முள் துள்ளாமல், தண்ணீர் ஓடுவது போல வழுக்கிப் போகும். மாதத்துக்கு 15 விநாடிக்குள் பிழை, 72 மணி நேரம் இருப்பு. உடல் டைட்டானியம் என்பதால் 41 மில்லிமீட்டர் இருந்தும் கையில் கட்டியதே தெரியாது.

ஆனால் தினமும் எல்லா இடத்துக்கும் என்று கேட்டால் கை தயங்குகிறது. சரட்சு முறையில் பாலிஷ் செய்த பரப்புகள் அலை இல்லாத கண்ணாடி போல இருக்கும். அந்தப் பரப்பில் விழும் கீறலை ஊரில் யாரோ ஒருவரால் சரிசெய்ய முடியாது. இருட்டில் ஒளிரும் பூச்சும் இல்லை. தியேட்டரிலும் நடு இரவிலும் மணி தெரியாது. காந்தம் தாங்குவதும் சாதாரண அளவுதான். எந்திரத்தில் ஏதாவது என்றால் கம்பெனியின் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும், திறமையான தனி மெக்கானிக்கால்கூடப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அதே வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்கிறது, பலர் அதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்: 1993இல் பிறந்த 9எஃப் குவார்ட்ஸ். பேட்டரி வாட்ச் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வருடத்துக்கே 10 விநாடிக்குள்தான் பிழை. சூடும் குளிரும் குவார்ட்ஸின் வேகத்தை மாற்றும் என்பதால் ஒரு நாளைக்கு 540 முறை வெப்பநிலையை அளந்து தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. விநாடி முள் டயலின் கோட்டின்மேல் நடுங்காமல் சரியாக வந்து நிற்கும். 37 மில்லிமீட்டர் மாடலில் 100 மீட்டர் தண்ணீரும் உண்டு. அடிக்கு அஞ்ச ஆடும் சக்கரம் இல்லை. வாரக்கணக்கில் மேஜையில் கிடந்தாலும் எடுத்துக் கட்டும்போது மணி சரியாக இருக்கும், திருகைத் தொட வேண்டிய தேவை அரிது. சுமார் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற வேண்டும், அப்போதே ரப்பர் வளையங்களையும் பார்க்கச் சொல்லிவிடலாம். எந்திரத்தின் இதயத்துடிப்பு வேண்டும் என்பவருக்கு இது பிடிக்காது. மணி சரியாக இருந்தால் போதும், வாட்சைப் பற்றி யோசிக்கவே கூடாது என்பவருக்கு இந்தப் பட்டியலில் இதைவிட நல்லது இல்லை.

நான் தள்ளிவைத்தவை

ரோலெக்ஸ் சப்மரீனர், ஒமேகா சீமாஸ்டர் 300 இரண்டும் 300 மீட்டர் போகும், உறுதியில் குறையே இல்லை. கனமும் தடிமனும் வேண்டாம் என்றுதான் விட்டேன். பெரிய மணிக்கட்டுக்காரர்கள் சேர்த்துக்கொள்ளலாம். ஒமேகாவின் ஸ்பீட்மாஸ்டர் சந்திரன் வரை போன பெருமை உள்ளது, ஆனால் தினமும் சாவி கொடுக்க வேண்டும், தண்ணீர் 50 மீட்டர்தான். கார்டியே சாண்டோஸின் பட்டையைக் கருவி இல்லாமல் நொடியில் மாற்றலாம், 100 மீட்டரும் உண்டு. அந்த மின்னும் சதுர வளையம்தான் எல்லாக் கீறலையும் வாங்கிக்கொள்ளும். தங்கம் மென்மை. கறுப்புப் பூச்சுப் போட்டவை முதல் ஆழமான கீறலில் உள்ளே இருக்கும் வெள்ளையைக் காட்டிவிடும், அதற்கப்புறம் மறைக்க வழி இல்லை.

சர்வீஸ்

மேலே ஒப்பிட்ட நான்கு கம்பெனிகளும் ஐந்து வருட உத்தரவாதம் தருகின்றன. அதற்குப் பிறகுதான் உண்மையான சொந்தக்காரர் நீங்கள். எந்திர வாட்சுக்குள் இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் வற்றும். ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கழுவ வேண்டியிருக்கும். அந்தச் செலவை வாங்கும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாட்ச் வாங்கப் பணம் இருந்து, சர்வீஸ் செலவைக் கேட்டதும் மலைத்துப்போய் ஓடாமலே கழற்றி வைத்தவர்களை எனக்குத் தெரியும். எங்கே கொடுக்க வேண்டும், எத்தனை மாதம் ஆகும், வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்பதும் அதே நாளில் கேட்க வேண்டியவை. இரண்டு வாட்சுக்கு நடுவில் ஊசலாடினால், சர்வீஸ் பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

அப்போ எதை?

ஒரே ஒரு வாட்ச், அலுவலகத்துக்கும் கல்யாணத்துக்கும் கடற்கரைக்கும் என்றால் நான் அக்வா டெர்ரா 38ஐ எடுப்பேன். தண்ணீர், காந்தம், நேரம் மூன்றிலும் யோசிக்க வேண்டியதில்லை. கடைக்குப் போய்ப் பார்த்து எடுக்கலாம், கையில் இருப்பது என்ன என்று பக்கத்தில் நிற்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது. கீறல் விழும். அதை ஒப்புக்கொண்டு கட்ட வேண்டும்.

கீறல் மனதை அரிக்கும் என்றால் ரேஞ்சர். இதற்கிடையில் எக்ஸ்ப்ளோரர் 36 கடை விலைக்கே, காத்திருக்காமல் கையில் வந்தால் இரண்டையும் மறந்துவிட்டு அதை எடுங்கள். கட்டுவதற்கு இவற்றில் மிகச் சுகமானது அதுதான். கூடுதல் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை வந்தால் வேண்டாம். ஸ்னோஃப்ளேக்கை இரண்டாவது வாட்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாட்சைக் கையில் மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். சாயங்காலமாகப் போங்கள், மணிக்கட்டு அப்போதுதான் நாளின் முழு அளவில் இருக்கும். செயினை உங்கள் அளவுக்குச் சரிசெய்யச் சொல்லிக் கட்டிக்கொண்டு கால் மணி நேரம் உட்காருங்கள். உள்ளங்கையை மேஜையில் ஊன்றி எழுந்து பாருங்கள், திருகு புறங்கையில் குத்துகிறதா என்று தெரியும். பையில் கை விட்டு எடுங்கள். ஃபோனில் ஏதாவது தட்டச்சு செய்யுங்கள். திருகைத் திறந்து, மணியை மாற்றி, மறுபடி மூடிப் பாருங்கள். மரை வழுக்காமல் முதல் சுற்றிலேயே பிடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் இரண்டு முறைக்கு மேல் அதைச் சரிசெய்யக் கை போனால், கழற்றிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.